மண்ணுளிப் பாம்பும் அதன் சொந்தக்காரர்களும்



வகைப்பாட்டியல் என்று சொன்னாலே நம்ம வகுப்பில் பாதிப் பேருக்குக் கொட்டாவி வந்துவிடும். உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம் என்று ஏழு படிநிலையை மனப்பாடம் செய்வோம். பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுவோம். ஆனால் ஒரு உயிரை எந்தக் கூட்டத்தில் சேர்ப்பது என்று தப்பாகச் சொன்னால், ஒன்றும் அறியாத ஒரு பாம்பு செத்துப் போகும். சில நேரம் மனுஷ உயிரும் போகும். அது எப்படி என்பதை மண்ணுளிப் பாம்பை வைத்தே சொல்லப் போகிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

யார் இந்த மண்ணுளி?

மண்ணுக்குள்ளே ஒளிந்து வாழ்வதால் மண்ணுளி. கடலைக் கொல்லையில், வரப்பு ஓரத்தில், எலி வளையில் இருக்கும். இதற்கு விஷம் கிடையாது. விஷப் பல்லும் இல்லை, விஷப் பையும் இல்லை. எலியைப் பிடித்தால் உடம்பால் சுற்றி இறுக்கிக் கொன்று, அப்படியே முழுங்கும்.

நம் தமிழ்நாட்டில் இரண்டு வகை மண்ணுளி உண்டு. ஒன்று வழவழப்பானது. பழுப்பு அல்லது செம்பழுப்பு நிறம், சுமார் 3 அடி நீளம், வால் மொண்ணையாக இருக்கும். இதைத்தான் இருதலைப் பாம்பு, இருதலை மணியன் என்று சொல்வார்கள். இன்னொன்று சொரசொரப்பானது. குட்டையாக, தடியாக, உடம்பு முழுக்கத் திட்டுத் திட்டாக இருக்கும். வால் குட்டையாகக் கூம்பு மாதிரி முடியும். இந்தக் கட்டுரையில் முதலாவதை வழவழ மண்ணுளி என்றும், இரண்டாவதைச் சொரசொர மண்ணுளி என்றும் எழுதுகிறேன்.

முகவரி எழுதுவோம்

கடிதம் போட வேண்டுமென்றால் நாடு, மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி, தெரு, வீட்டு எண் என்று ஏழும் வேண்டும் அல்லவா? உயிரினத்துக்கும் அப்படித்தான். வழவழ மண்ணுளியின் முகவரி இதோ:

நாடு மாதிரி, உலகம்: விலங்குகள்
மாநிலம் மாதிரி, தொகுதி: முதுகுநாண் உள்ளவை
மாவட்டம் மாதிரி, வகுப்பு: ஊர்வன
ஒன்றியம் மாதிரி, வரிசை: ஸ்குவாமேட்டா (பல்லி, ஓணான், பாம்பு எல்லாம் இதில்தான்)
ஊராட்சி மாதிரி, குடும்பம்: போயிடே
தெரு மாதிரி, பேரினம்: எரிக்ஸ்
வீட்டு எண் மாதிரி, சிற்றினம்: ஜானி

அறிவியல் பெயர் எழுதும்போது கடைசி இரண்டை மட்டும் எழுதினால் போதும். எரிக்ஸ் ஜானி. தெருவும் வீடும் தெரிந்தால் தபால்காரர் வந்துவிடுவார். சொரசொர மண்ணுளியின் பெயர் எரிக்ஸ் கோனிகஸ். தெரு ஒன்றுதான், வீடுதான் வேறு. கோனிகஸ் என்றால் கூம்பு போன்றது என்று அர்த்தம்.

பெயர் வைத்த கதை

ஜானி என்றதும் சினிமா பெயர் ஞாபகம் வரும். இது அது இல்லை. தரங்கம்பாடி தெரியும்தானே? இப்போது மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் டென்மார்க் நாட்டுக்காரர்கள் கையில் இருந்த ஊர். அங்கே 1771இல் வந்த ஜெர்மன் பாதிரியார் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான். நாற்பது வருஷத்துக்கு மேல் தமிழ்நாட்டிலேயே இருந்து, 1813இல் இங்கேயே இறந்தார். பள்ளிக்கூடங்களும் நடத்தினார், செடி கொடி, மீன், பாம்பு என்று இயற்கையையும் ஆராய்ந்தார். பாட்ரிக் ரஸ்ஸல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1801இல் தரங்கம்பாடியில் கிடைத்த இந்தப் பாம்பைப் பற்றி எழுதி, ஜான் ஞாபகமாக ஜானி என்று பெயர் வைத்தார். ஆக, உலகம் முழுக்க விஞ்ஞானிகள் சொல்லும் இந்தப் பெயருக்குள்ளே நம்ம சோழமண்டலக் கடற்கரை இருக்கிறது.

இந்த ரஸ்ஸல் பெயரில் இன்னொரு பாம்பும் இருக்கிறது. அது கண்ணாடி விரியன். இங்கிலீஷில் அதை ரஸ்ஸல் விரியன் என்றுதான் சொல்வார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

முதலில் ரஸ்ஸல் இதைப் போவா என்ற பேரினத்தில் சேர்த்திருந்தார். பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி டோடன் 1803இல் எரிக்ஸ் என்ற தனிப் பேரினத்தை உண்டாக்கினார். சின்ன வயதில் வந்த நோயால் அவருக்குக் கால் நடக்க வராதாம். அவருடைய மனைவி அடேல்தான் அவர் புத்தகங்களுக்குப் படம் வரைந்து கொடுத்தவர். நடக்க முடியாதவர் உட்கார்ந்த இடத்தில் உலகத்துப் பாம்புகளையெல்லாம் ஒழுங்குபடுத்தினார் என்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

பாலைவனத்துச் சொந்தக்காரர்கள்

எரிக்ஸ் தெருவில் சுமார் 13 வீடுகள், அதாவது 13 சிற்றினங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் பாலைவனத்திலும் வறண்ட மண்ணிலும் வாழ்பவை. சிலரை அறிமுகப்படுத்துகிறேன்.

1. எரிக்ஸ் ஜாகுலஸ்: வட ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா, கிரீஸ் நாடு வரை உள்ளது. லின்னேயஸ் 1758இலேயே இதற்குப் பெயர் வைத்துவிட்டார். ஜாகுலஸ் என்றால் எறியீட்டி. ஈட்டி மாதிரிப் பாய்ந்து வரும் பாம்பு ஒன்று உண்டு என்று பழங்காலத்தில் நம்பினார்கள். மண்ணுக்குள் ஊர்கிற பாம்புக்கு அந்தப் பெயர் வந்து சேர்ந்துவிட்டது! மண்ணுளியைப் பற்றிக் கதை கட்டுவது நம் ஊரில் மட்டும் இல்லை போலிருக்கிறது.

2. எரிக்ஸ் கொலுப்ரினஸ்: எகிப்திலிருந்து கென்யா, தான்சானியா வரை.

3. எரிக்ஸ் முல்லெரி: சகாரா பாலைவனத்தின் தெற்கு ஓரத்தில்.

4. எரிக்ஸ் மிலியாரிஸ், எரிக்ஸ் டட்டாரிகஸ்: மத்திய ஆசியாவின் மணல் பிரதேசங்களில்.

5. எரிக்ஸ் ஜெயகரி: அரேபியப் பாலைவனத்தில். இதன் கண் தலைக்கு மேலே இருக்கும். உடம்பு மணலுக்குள், கண் மட்டும் வெளியே! இந்தப் பெயர் ஒரு இந்தியருடையது. மஸ்கட்டில் டாக்டராக வேலை பார்த்த ஆத்மாராம் ஜெயகர் என்பவரின் ஞாபகமாக 1888இல் வைத்தார்கள்.

6. எரிக்ஸ் விட்டேகரி: நம் நாட்டின் மேற்குக் கடற்கரையில். சென்னைப் பாம்புப் பண்ணையைத் தொடங்கிய ரோமுலஸ் விட்டேகரின் பெயரை 1991இல் இந்திரனீல் தாஸ் என்ற விஞ்ஞானி வைத்தார்.

நம்ம வழவழ மண்ணுளி ராஜஸ்தானின் தார் பாலைவனத்திலும் பாகிஸ்தானிலும்கூட இருக்கிறது. சொரசொர மண்ணுளி இலங்கையிலும் உண்டு.

மணலில் வாழ ஏற்ற உடம்பு

* மூக்கு ஆப்பு மாதிரி இருப்பதால் மண்ணைக் குத்திக்கொண்டு போகலாம்.
* கீழ்த்தாடை மேல்தாடைக்குள்ளே அடங்கிவிடும். அதனால் வாயில் மண் போகாது.
* மூக்குத் துளை கீறல் மாதிரிச் சின்னது. கண்ணும் சின்னது.
* கழுத்து என்று தனியாகத் தெரியாது. உடம்பு ஒரே உருளை.
* மலத்துளைக்கு இரண்டு பக்கமும் சின்னதாக முள் மாதிரி இருக்கும். அது முள் இல்லை. பாம்பின் முன்னோர்களுக்கு இருந்த பின்னங்காலின் மிச்சம்! மலைப்பாம்புக்கும் இது உண்டு.

முகவரி மாறிய கதை

இனிமேல்தான் முக்கியமான விஷயம். அமெரிக்காவில் ரப்பர் போவா என்று ஒரு பாம்பு இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் கலபாரியா என்று ஒன்று இருக்கிறது. இரண்டுக்கும் நம்ம மண்ணுளி மாதிரியே உருண்டை உடம்பு, மொண்ணை வால். தலையை ஒளித்துக்கொண்டு வாலைக் காட்டுவதும் அப்படியே. அதனால் விஞ்ஞானிகள் ரொம்ப காலம் எல்லாவற்றையும் மண்ணுளிக் கூட்டத்திலேயே வைத்திருந்தார்கள்.

பிறகு டி.என்.ஏ. சோதனை வந்தது. உடம்புக்குள்ளே செல்லில் எழுதியிருக்கும் எழுத்தைப் படித்துப் பார்த்தால், அமெரிக்கப் பாம்புக்கு நெருங்கிய சொந்தம் மத்திய அமெரிக்காவில் இருந்தது. கலபாரியாவோ தனி வழியில் வந்தது. 2014இல் வந்த ஆய்வுகளில் இவற்றைத் தனித்தனிக் குடும்பமாகப் பிரித்தார்கள். மண்ணுளிகளையும் எரிசிடே என்று தனிக் குடும்பமாகச் சிலர் எழுதுகிறார்கள். சிலர் போயிடே குடும்பத்துக்குள் துணைக் குடும்பமாகவே வைக்கிறார்கள்.

அப்படியென்றால் உருவம் ஏன் ஒரே மாதிரி இருக்கிறது? ஒரே மாதிரி வாழ்க்கை வாழ்ந்தால் ஒரே மாதிரி உடம்பு வரும். சுறாவும் டால்பினும் தண்ணீரில் நீந்துவதால் ஒரே வடிவம். ஆனால் சுறா மீன், டால்பின் பாலூட்டி. மண்ணைத் தோண்டும் பாம்புக்கு உருளை உடம்பு வந்ததும் அப்படித்தான்.

இதற்கு நேர்மாறாகவும் நடந்தது. நம்ம சொரசொர மண்ணுளி பார்க்க வேறு மாதிரி இருக்கிறதே என்று வாக்ளர் என்பவர் 1830இல் அதைக் கோங்கைலோஃபிஸ் என்று தனிப் பேரினமாக்கினார். டி.என்.ஏ. பார்த்தபோது அது எரிக்ஸ் தெருவுக்குள்ளேயே வருகிறது என்று தெரிந்தது. பழையபடி எரிக்ஸ் கோனிகஸ் ஆனது.

ஒரே ஒரு குணத்தை வைத்தும் முடிவு சொல்ல முடியாது. நம் ஊர் மண்ணுளிகள் குட்டி போடும். சரி, எரிக்ஸ் எல்லாம் குட்டி போடும் என்று எழுதிவிடலாமா? முடியாது. அரேபியாவின் ஜெயகரி முட்டை இடுகிறது! முட்டை இட்டாலும் அதுவும் எரிக்ஸ்தான்.

இதிலிருந்து நான் புரிந்துகொண்டது: உருவத்தை மட்டும் பார்த்து உறவு சொல்லக் கூடாது. இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நம்ம ஊர்ப் பேச்சைப் பார்ப்போம்.

பேச்சு 1: "அதுக்கு ரெண்டு தல. ஆறு மாசம் இந்தப் பக்கம் போவும், ஆறு மாசம் அந்தப் பக்கம் போவும்."

கண், வாய், நாக்கு எல்லாம் ஒரு முனையில்தான் உள்ளது. இன்னொரு முனை வால். வாலுக்குக் கொஞ்சம் முன்னால் அடிப்பக்கம் மலத்துளை இருக்கும். தலையில் மலத்துளை இருக்குமா? பயந்தால் மண்ணுளி சுருண்டு, தலையை உடம்புக்கடியில் ஒளித்து, வாலைத் தூக்கிக் காட்டும். பருந்தோ கீரியோ வாலைக் கொத்தும், தலை தப்பிக்கும். அதன் வாலில் பழைய காயத் தழும்பு இருப்பதும் உண்டு. வித்தை காட்டுபவர்கள் சிலர் வாலில் கண்ணும் வாயும் மாதிரி கீறிவிடுவார்களாம். பாவம், எவ்வளவு வலித்திருக்கும்!

இந்த "ரெண்டு தல" பேச்சால்தான் லட்சம், கோடி என்று சொல்லி ஏமாற்றுகிறார்கள். வீட்டில் வைத்தால் அதிர்ஷ்டமாம், புதையல் காட்டுமாம், மருந்தாம். ஒன்றுக்கும் ஆதாரம் கிடையாது. ஆசைப்பட்டுப் பணம் கொடுத்தவர் ஏமாறுகிறார். பிடித்தவர், விற்றவர், வாங்கியவர் எல்லோரும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி ஜெயிலுக்குப் போகலாம், அபராதமும் கட்டலாம். பாம்போ சாக்குப் பையில் மூச்சுத் திணறிச் சாகிறது. புதையல் காட்டும் பாம்பு கையில் இருந்தால் அதை ஏன் விற்க வேண்டும், தானே புதையலை எடுத்துக்கொள்ளலாமே? யாராவது வந்து கேட்டால் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

பேச்சு 2: "மண்ணுளி நக்குனா குஷ்டம் வந்துடும்."

பாம்பு நாக்கை நீட்டுவது வாசனை பிடிக்க. காற்றில் உள்ள வாசனையை நாக்கில் எடுத்து, மேல்வாயில் உள்ள ஜேக்கப்சன் உறுப்பில் வைத்துக் கண்டுபிடிக்கும். நம்மை நக்குவதற்கு இல்லை.

தொழுநோய் ஒரு பாக்டீரியாவால் வருகிறது. நார்வே நாட்டு டாக்டர் ஹேன்சன் 1873இலேயே அதைக் கண்டுபிடித்தார். அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாக மாத்திரை தருகிறார்கள், குணமாகிவிடும். தோலில் வெள்ளை வெள்ளையாக வருவது வேறு. அது வெண்புள்ளி. தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்கள் அழிந்துபோவதால் வருகிறது. அது தொழுநோயும் இல்லை, தொட்டால் ஒட்டுவதும் இல்லை. இரண்டுக்கும் மண்ணுளிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் உணர்ச்சி இல்லாத தேமல் மாதிரி எது வந்தாலும் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு தங்கச்சிக்குக் கையிலும் உதட்டோரத்திலும் வெண்புள்ளி இருக்கிறது. "அவள மண்ணுளி நக்கிடுச்சு, கிட்டப் போகாதே" என்று சின்னப் பிள்ளைகள் சொல்கிறார்கள். பெரியவர்கள் சொன்னதைத்தானே அவர்கள் சொல்கிறார்கள்? அவள் பாண்டி ஆட வந்தால் யாரும் சேர்ப்பதில்லை. திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். இப்போது நானும் என் தோழி ஒருத்தியும் அவளைச் சேர்த்துக்கொண்டு ஆடுகிறோம். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகவும் ஆகாது. ஒரு பொய் பாம்பையும் அடிக்கிறது, ஒரு பிள்ளையையும் தனியாக உட்கார வைக்கிறது.

பேச்சு 3: "அது மண்ணுளிதான்டா, ஒண்ணும் பண்ணாது, புடி!"

இந்தப் பேச்சுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. சொரசொர மண்ணுளியும் கண்ணாடி விரியனும் பார்க்கக் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். இரண்டும் தடி, இரண்டுக்கும் திட்டு. மண்ணுளி என்று நினைத்து விரியனைத் தூக்கினால் உயிர் போகும். விரியன் என்று நினைத்து மண்ணுளியை அடிக்கிறவர்களும் உண்டு. ரஸ்ஸல் பெயரில் உள்ள விரியனை ஞாபகம் வைக்கச் சொன்னேனே, அது இதற்குத்தான்.

வித்தியாசங்கள்:

கண்ணாடி விரியன்: திட்டுகள் முட்டை வடிவில், ஓரம் கறுத்து, சங்கிலி கோத்த மாதிரி வரிசையாக இருக்கும். தலை முக்கோணம், கழுத்து ஒடுங்கித் தெரியும். வால் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து போகும். குக்கர் மாதிரிச் சத்தமாகச் சீறும்.

சொரசொர மண்ணுளி: திட்டுகள் ஒழுங்கில்லாமல் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். கழுத்து தெரியாது. வால் சட்டென்று குட்டையாக முடிந்துவிடும்.

இதைப் படித்துவிட்டு யாரும் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டாம்! வித்தியாசம் தெரிவது அறிவு. தூரமாக நிற்பது பத்திரம். மண்ணுளிக்கு விஷம் இல்லாவிட்டாலும் தொந்தரவு செய்தால் அதுவும் கடிக்கும்.

நாம் செய்ய வேண்டியவை

1. எந்தப் பாம்பையும் கையால் தொடாதே. அடிக்காதே. வீட்டுக்குள் வந்தால் பெரியவர்களிடம் சொல்லித் தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ போன் செய்யச் சொல்.

2. இருட்டில் டார்ச் இல்லாமல் வரப்பில் நடக்காதே. விறகுக் கட்டிலும் வைக்கோலிலும் பார்க்காமல் கை விடாதே.

3. பாம்பு கடித்தால் கீறாதே, உறிஞ்சாதே, கயிறு போட்டு இறுக்கிக் கட்டாதே, மந்திரிக்கப் போகாதே. கடிபட்டவரை நடக்க விடாமல், கடிபட்ட கை காலை அசைக்காமல், 108க்குப் போன் செய்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். அதனால் பாம்பைத் தேடிப் பிடித்துக் கொண்டு போக வேண்டிய அவசியம் இல்லை.

4. மண்ணுளி எலியைத் தின்பதால் உழவரின் நண்பன். கடலைக் கொல்லையில் அதற்குச் சம்பளம் இல்லாத வேலை. வழவழ மண்ணுளி இப்போது உலக அளவில் அழிவை நெருங்கி வரும் உயிர்களின் பட்டியலில் இருக்கிறது. அதை வாழ விடுவோம்.

5. வெண்புள்ளி உள்ளவர்களை ஒதுக்காதே. விளையாட்டில் சேர்த்துக்கொள்.

விடை சொல்லுங்கள் பார்ப்போம்

1. எரிக்ஸ் ஜானியில் பேரினம் எது, சிற்றினம் எது?
2. முட்டை இடும் மண்ணுளி ஒன்றின் பெயர் என்ன?
3. ரப்பர் போவா மண்ணுளி மாதிரி இருந்தும் ஏன் வேறு குடும்பம்?
4. மண்ணுளியின் உடம்பில் கால் இருந்ததற்கு அடையாளம் எது?

விடைகளைத் தாளில் எழுதி, இந்தப் பலகைக்குக் கீழே உள்ள அட்டைப் பெட்டியில் போடுங்கள். நாலும் சரியாக எழுதியவர்களின் பெயர் அடுத்த இதழில் வரும். விடை எல்லாம் கட்டுரைக்குள்ளேயே இருக்கிறது, திரும்பப் படித்தால் கிடைக்கும்!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
அரசுப் பள்ளி.